யாருடைய இடது

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருக்கும் அந்த மருத்துவக் கல்லூரியின் நாலாவது மாடியில் போய் காரின் டொல்லெஃப்சன் யார் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "யாரு, எலிக்காதா? கடைசி ரூம்." பட்டப்பெயர் வைப்பதில் மில்வாக்கிக்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. காரினுக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு பிப்ரவரி மாதத்தில், பத்து நாள் இடைவெளிக்குள். அதற்கு முன்பு அவள் அங்கே இருந்த ஐந்து வருஷமும் யாருக்கும் அவளைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. வேலை செய்தாள், சாண்ட்விச் சாப்பிட்டாள், பஸ் ஏறிப் போனாள்.

வௌசா என்ற ஊருக்கு வடக்கே ஒரு பால் பண்ணையில் பிறந்தவள். அறுபது மாடு, ஒரு அப்பா, இரண்டு அண்ணன்கள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது, முதல் முனைவர் பட்டமும் அவளுடையது. மகள் இதயநோய் ஆராய்ச்சியில் இருக்கிறாள் என்பதை அப்பா அக்கம்பக்கத்தில் "எலி வைத்தியம் பார்க்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதி உண்மை என்பதால் அவள் திருத்தவில்லை. மிருகத்தைப் பிடிக்கத் தெரிந்த கை அவளுடையது. மற்றவர்களைக் கடிக்கும் சுண்டெலி அவள் கையில் அடங்கிக் கிடக்கும்.

இதயநோய் ஆய்வுப் பயிற்சித் திட்டம் என்று அங்கே ஒன்று உண்டு. எட்டு இடம். நாலு பேர் நோயாளியைப் பார்த்த டாக்டர்கள், எலியைத் தொட்டிருக்க மாட்டார்கள். நாலு பேர் காரின் மாதிரி ஆராய்ச்சிப் பட்டக்காரர்கள், நோயாளியைத் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த இரண்டு சாதியையும் ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்தினால் நல்லது நடக்கும் என்பது திட்டத்தை நடத்தும் ஜூடித் ஹாலரனின் நம்பிக்கை. காரின் வேலை செய்ததும் ஜூடித்தின் ஆய்வகத்தில்தான். வியாழன்தோறும் பகல் பன்னிரண்டுக்கு எட்டுப் பேரும் கூடி, ஒருவர் திட்டத்தை மற்றவர்கள் கிழிக்கவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு நேர்மை வகுப்பு. அதைப் பயிற்சி முடிகிற மூத்தவர் நடத்தவேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு மனதுக்குள் ராத்திரிச் சமையலைப் பற்றி யோசிக்கிற வகுப்பு அது. அந்த வருஷம் காரினின் முறை, இன்னும் ஒன்பது நாளில்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆராய்ச்சி நிதிக்கு ஒரு விண்ணப்பம் போகவேண்டும். கிடைத்தால் ஐந்து வருஷத்துக்கு ஆதரவு, முடிவில் சொந்த ஆய்வகம், கதவில் அவள் பெயர். முனைவர் பட்டம் வாங்கி நாலு வருஷத்துக்குள் போடவேண்டிய விண்ணப்பம் அது. குழந்தை பிறந்தவர்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாகத் தருவார்கள். அந்த நாலும் முடிந்து, மகள் ஆஸ்ட்ரிட் கொண்டுவந்த ஒன்றும் கரைந்து, இதுதான் கடைசித் தவணை. போன தடவை நூலிழையில் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் ஜூன் முப்பதோடு பயிற்சியும் முடியும், அதற்குப் பிறகு பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

விண்ணப்பத்தின் உயிர் ஒரே ஒரு படத்தில் இருந்தது. ஒரு மரபணுவை எடுத்துவிட்ட சுண்டெலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறினாலும் இதயம் வீங்கவில்லை, சாதாரண எலிகளுக்கு வீங்கியது. மொத்தம் முப்பது எலி. சிவப்புக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று, நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிற இடைவெளி. அந்த இடைவெளியில்தான் காரினின் வருங்காலம் முழுதும் குடியிருந்தது.

செவ்வாய் மதியம் ஒத்திகை. காரின் பேச, மற்ற ஏழு பேரும் கேட்டுக் குறை சொல்லவேண்டும். முதலில் காட்டிய எலி இதயத்தின் படத்திலேயே டெஸ்மண்ட் ப்ரூயிட் கையைத் தூக்கினான். அவசரப் பிரிவு டாக்டர், அவனும் ஜூடித்தின் ஆய்வகம்தான், வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் காரினுக்கு அந்த மாடியில் இருந்த ஒரே சிநேகிதன்.

"இடமும் வலமும் மாறியிருக்கு."

"மாறல. நான் எலியைப் பின்னாலேர்ந்து பார்க்குறேன்."

"ஏன், மூஞ்சியைப் பார்க்க வெக்கமா?"

"பண்ணையில யாரும் மாட்டுக்கு எதிர்ல போய் நிக்க மாட்டாங்க டெஸ்மண்ட். வேலையெல்லாம் பின்னாலதான்."

"அதான் உன் படத்துல சாணி வாசனை அடிக்குது." அறை சிரித்தது. "நாங்க நோயாளிக்கு எதிர்ல நிக்குற ஆளுங்க. அவரோட இடது எங்களுக்கு வலப்பக்கம் தெரியும். ஒரு மூஞ்சியைப் பார்த்தாலே மூளை தானா திருப்பிப் போட்டுக்கும். முதல் வருஷத்துலயே மண்டையில அடிச்சுச் சொல்லிக்கொடுத்துடுவாங்க. இல்லன்னா தப்பான காலை இல்ல வெட்டிவெச்சிருப்போம்?"

காரினும் சிரித்தாள். சாண்ட்விச்சைக் கடித்தாள். கடித்தது வாய்க்குள்ளேயே நின்றது.

முந்தின வசந்தத்தில் ஆஸ்ட்ரிட் பிறந்தபோது ஆறு வாரம் அவள் வரவில்லை. அந்த ஆறு வாரமும் அவளுடைய எலிக்குட்டிகளுக்குக் காது குத்தியவன் டெஸ்மண்ட். குட்டி பிறந்து மூன்று வாரத்தில் காதில் சின்ன ஓட்டை போட்டு எண் கொடுத்துவிடுவார்கள். இடது காதில் ஓட்டை என்றால் ஒன்று, வலது என்றால் இரண்டு, இரண்டிலும் என்றால் மூன்று, ஓட்டையே இல்லாவிட்டால் நாலு. அதே கையோடு வால் நுனியில் துளி வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு எண்ணின் பெயரில் வரும். அதன்பிறகு அந்த எலி சாகும்வரை அதன் காதுதான் அதன் ஜாதகம்.

"டெஸ்மண்ட், சுவத்துல ஒட்டியிருக்குற படத்தைப் பார்த்துதானே நீ காது குத்தின?"

"பின்ன? என்னைக் கேக்காத, படத்தைப் பாருன்னு நீதானே ஆஸ்பத்திரிப் படுக்கையிலேர்ந்து மெசேஜ் அனுப்பின."

அது ஒரு பழைய படம். எலியின் முகம், எதிரே இருந்து பார்க்கிற மாதிரி, கறுப்பு மையில் வரைந்து பிளாஸ்டிக் உறை போட்டது. எழுத்து ஒன்றும் கிடையாது. நாலு முகம், நாலு எண். ஒன்றாம் முகத்தில் ஓட்டை தாளின் இடப்பக்கம் இருந்தது.

"ஒண்ணாம் நம்பருக்கு எந்தக் காதுல போட்ட?"

"படத்துல இருக்குற மாதிரிதான்." டெஸ்மண்ட் யோசிக்கவே இல்லை. "வலது காதுல."

காரின் அந்தப் படத்தை ஐந்து வருஷமாக உற்றுப் பார்த்ததே இல்லை. வந்த முதல் வாரம் யாரோ வாயால் சொன்னார்கள், ஒன்று இடது, இரண்டு வலது என்று. அதைப் பிடித்துக்கொண்டு, எலியைப் பின்னாலிருந்து பார்த்து, இடது காதை இடது காது என்றே படித்துவந்தாள். டெஸ்மண்ட் டாக்டர். எதிரே ஒரு முகத்தைக் கண்டதும் அவன் மூளை தானாகவே திருப்பிப் போட்டது. அவன் குத்தின ஒன்று அவளுக்கு இரண்டு. அவன் குத்தின இரண்டு அவளுக்கு ஒன்று.

நம் பக்கத்தில் காது குத்துவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று மாமன் மடியில் உட்காரவைத்து ஊரைக் கூட்டிச் செய்வது. மற்றது ஆளுக்கே தெரியாமல் செய்வது. காரினுக்கு நடந்தது இரண்டாவது ரகம். குத்தினவனுக்கும் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

அன்று பஸ்ஸில் போகும்போது அவள் நினைத்ததையெல்லாம் பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். சோதிக்காமலே விட்டால் என்ன என்று நினைத்தாள். டெஸ்மண்டுக்கே இன்னும் புரியவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது? ஆறே ஆறு ஈற்றுக் குட்டிகள், பெரிதாக ஒன்றும் மாறாது என்று நினைத்தாள். டெஸ்மண்டை மனதுக்குள் கரித்துக்கொட்டினாள். கடைசியில், ஆறு வாரம் முன்னதாகவோ பின்னதாகவோ பிறந்திருக்கக் கூடாதா என்று தன் குழந்தையையே கரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆஸ்ட்ரிட் இரண்டு கையையும் நீட்டியது. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை என்கிறாள்.

இதயத்தை எடுக்கும்போதெல்லாம் கூடவே வால் நுனி ஒன்றையும் வெட்டி உறைய வைப்பது அவள் வழக்கம். யாரும் சொல்லித்தரவில்லை. விற்றுவிட்ட மாட்டின் காதுப் பட்டையைக்கூட எறியாமல் ஆணியில் மாட்டிவைக்கும் அப்பனுக்குப் பிறந்தவள். புதன்கிழமை காலை ஃப்ரீசரைத் திறந்து அந்த ஆறு ஈற்றின் ஒன்று, இரண்டு எண் எலிகளின் வால்களை எடுத்தாள். பன்னிரண்டு குப்பி. டெஸ்மண்டைக் கூப்பிட்டு, சுவர்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, விஷயத்தைச் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் படத்துல இருந்ததைத்தான் செஞ்சேன்."

"தெரியும். உன் மேல தப்பில்ல."

"அப்ப உன் மேலயா?"

"என் மேலயும் இல்ல."

"அது இன்னும் மோசம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இதைப் பண்ணக்கூடாதா காரின்? அனுப்பிடு. அப்புறம் பாரு. ஒண்ணுமில்லன்னா நிம்மதி."

"ஒண்ணு இருந்தா?"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். "ஆறு குப்பி குடு. ரெண்டு பேரா செஞ்சா சீக்கிரம் முடியும்."

புதன் முழுக்க வால்கள் கரைசலில் ஊறின. வியாழன் மாலை நாலு மணிக்கு முடிவு கணினித் திரையில் வந்தது. மேலே கோடு விழுந்தால் சாதாரண எலி, கீழே விழுந்தால் மரபணு எடுத்த எலி. டெஸ்மண்ட் பழைய பட்டியலை வாசிக்க, அவள் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் இரண்டும் பட்டியல் சொன்னபடியே இருந்தன. மூன்றாவது மாறியிருந்தது, நாலாவதும். பன்னிரண்டில் எட்டு மாறியிருந்தன. டெஸ்மண்ட் கடைசி மூன்றை வாசிக்கவே இல்லை, தாளை அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு எலியையும் அவற்றின் உண்மையான இடத்தில் வைத்துப் படத்தை மறுபடி போட்டாள். சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. இடைவெளி என்று ஒன்று அங்கே எப்போதுமே இருந்ததில்லை.

ஒரு மணிக்கு ஜூடித்தின் அறை. ஜூடித் ஹாலரனுக்கு அறுபத்துநாலு வயது, நெடிய உருவம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். இரண்டு படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தனை எலி மாறியிருக்கு?"

"எட்டு."

"சரி, அந்த எட்டையும் எடுத்துடு. அடையாளம் சந்தேகம்னு எழுதி விலக்கிடலாம். எல்லாரும் செய்யறதுதான். மிச்சம் இருபத்திரெண்டுல என்ன தெரியுது?"

காரின் அதையும் போட்டுப் பார்த்திருந்தாள். அதுதான் அவளைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இடைவெளி தெரியுது."

"போதுமே. விண்ணப்பம்ங்குறது கட்டுரை இல்ல காரின். இனிமே இதைச் செய்யப்போறேன்னு சொல்றதுதான். கிடைச்சப்புறம் நூறு எலியில செஞ்சு பாரு. இல்லன்னா இல்லன்னு எழுது."

"அடையாளம் தெரியலன்னா விலக்கலாம் ஜூடித். இப்பத் தெரியுமே. எட்டுல ஒவ்வொண்ணும் என்னன்னு என் கையில இருக்கு."

"நீ சோதிச்சுப் பார்க்காம இருந்திருந்தா?"

"பார்த்துட்டேனே."

ஜூடித் கண்ணாடியைக் கழற்றினாள். கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். "இது உனக்குக் கடைசி வாய்ப்பு. உனக்கு மட்டும் இல்ல. இந்தத் திட்டத்துல படிச்சு யாரு மேல வந்தாங்கன்னு பணம் குடுக்கறவங்க அடுத்த வருஷம் என்னைக் கேப்பாங்க. நான் உன் பேரைச் சொல்லலாம்னு இருந்தேன்."

"தெரியும்."

"வீட்டுல குழந்தை இருக்கு."

"அதுவும் தெரியும்." காரின் புதுப் படத்தின்மேல் விரலை வைத்தாள். "அடுத்த வியாழக்கிழமை அந்த ஏழு பேருக்கும் நான்தான் நேர்மை வகுப்பு எடுக்கணும். அந்த எட்டையும் ஏன் எடுத்தேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

ஜூடித் படங்களை அவள் பக்கம் தள்ளினாள். "உன் பேர்ல போற விண்ணப்பம். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நீயே முடிவு பண்ணு."

திட்டத்தின் காகிதங்களையெல்லாம் கட்டி மேய்த்தவள் டொரீன். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. இதுவரை பயிற்சிக்கு வந்தவர்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்பதுவரை அவள் பட்டியலில் உண்டு. விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தான் அவள் கையில்தான். ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் மேஜையில் இருக்கும் மாட்டுமணியை எடுத்து ஆட்டுவாள். தாழ்வாரத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துக் கை தட்டுவார்கள். எந்த மாட்டுக் கழுத்திலும் தொங்காத, கடையில் வாங்கின மணி அது என்று காரின் வந்த புதிதில் சொல்லிவிட்டாள். டொரீன் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

நாலரைக்குக் காரின் அங்கே போய் உட்கார்ந்தாள். டொரீன் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தாள்.

"அந்த ஒரு படம்தான் பாக்கி கண்ணு. மாத்தறேன்னு சொன்னியே, குடு. வீட்டுக்காரர் மீன் வறுவலுக்கு டேபிள் சொல்லி வெச்சிருக்காரு, ஆறு மணிக்குப் போகலன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு."

"படம் இல்ல டொரீன்."

"பழசே இருக்கட்டுமா?"

டொரீன் அவளைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். நாலு நாற்பது. இத்தனை வருஷத்தில் நேரத்தைத் தவறவிட்டு அழுதவர்களை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாம் தயாராக வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அனுப்பவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

காரினுக்கு அந்த நிமிஷம் 'அனுப்பு' என்ற சொல் வாய்வரை வந்தது. அவளே சொன்னது இது. இருபத்திரெண்டு எலிப் படம் அவள் மடிக்கணினியில் இருந்தது, கொஞ்சம் இடைவெளியோடு. ஒரு தட்டுத் தட்டினால் போதும். மடிக்கணினியைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். நாலு ஐம்பத்தொன்று.

"வேண்டாம்."

டொரீன் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மணி ஐந்தாகும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் டெஸ்மண்ட் கை தட்டத் தயாராக நின்றுகொண்டிருந்தவன், மணி ஒலிக்காததைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

அடுத்த வியாழன் நேர்மை வகுப்பு. விஷயம் மாடி முழுக்கப் பரவியிருந்தது, வராமல் நழுவுகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். ஜூடித் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு காரினோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டொரீன் சாண்ட்விச் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

காரின் பலகையில் ஓர் எலி முகம் வரைந்தாள். மாடு மாதிரி இருந்தது, டெஸ்மண்டுக்கே கேலி செய்ய மனம் வரவில்லை. இடப்பக்கம் இருந்த காதில் ஒரு ஓட்டை போட்டாள்.

"இது எந்தக் காது? இடதுன்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க."

மூன்று கை எழுந்தது. மூன்றும் ஆராய்ச்சிப் பட்டக்காரர்கள்.

"வலதுன்னு நினைக்கறவங்க?"

நாலு கை. நாலும் டாக்டர்கள். எழுந்த கைகளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஜூடித்துக்கு மட்டும் வரவில்லை. எழுந்து நின்றாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான்," என்றாள். "லேப் ஆரம்பிச்ச வாரம். இருபத்தோரு வருஷம் ஆச்சு."

சிரிப்பு நின்றது. காரின் கையில் இருந்த பேனாவை மூட மறந்து நின்றாள். யார் வரைந்த படம் என்று அவளுக்குக் கேட்கவே தோன்றியிருக்கவில்லை.

ஜூடித் கதவுப் பக்கம் திரும்பினாள். "டொரீன், இத்தனை வருஷத்துல என் லேப்புக்குப் பயிற்சிக்கு வந்து எலியைத் தொட்ட டாக்டருங்க எத்தனை பேரு?"

டொரீனுக்குப் பட்டியலைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. "டெஸ்மண்டையும் சேர்த்துப் பதினாலு பேரு ஜூடித்."

பதினாலு பேர், அவர்கள் எழுதின கட்டுரைகள், அந்தக் கட்டுரைகளை நம்பி மற்றவர்கள் செய்த வேலைகள். அறையில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சாண்ட்விச்சை யாரும் தொடவில்லை. ஜூடித் கண்ணாடிக்கு மேலாகக் காரினைப் பார்த்தாள். கோபமாக இருந்தாளா, பயந்திருந்தாளா என்று காரினுக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

"ஜூனுக்கு அப்புறம் நீ எங்கயும் போகவேண்டாம்," என்றாள் ஜூடித். "பழைய எலிங்களோட இதயமெல்லாம் ஃப்ரீசர்லதான் கிடக்கு, எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும். சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"என்கிட்டதான்," என்றாள் காரின்.